மூன்று பேர் போன சுற்றுலா

"சிரிடா" என்றேன். கணேஷ்குமார் சிரித்தான். பல் பிடுங்க வந்தவன் டாக்டரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. அவனுக்குப் பின்னால் கலோ மலைச்சரிவு முழுக்க பைன் மரங்கள். கீழே பள்ளத்தாக்கில் மஞ்சள் பூ வயல்களும் செம்மண் மேடுகளும் மாறிமாறிக் கிடந்தன. ஊர் ஊராகப் போய் இதையெல்லாம் பார்க்க மக்கள் காசு செலவழிக்கிறார்கள். நான் வயலையா பார்த்தேன்? கீழே வளைவில் ராணுவத்தின் பச்சை லாரி ஏதும் ஏறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சுளா ஓலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகன் பக்கத்தில் போய் நின்றாள். இன்னொரு படம் எடுத்தேன்.

படம் எடுப்பது என் ஏற்பாடு. ரங்கூனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே மூன்று பேர் போனையும் வாங்கித் துடைத்துவிட்டிருந்தேன். பழைய செய்திகள், நண்பர்கள் அனுப்பிய வீடியோக்கள், யார் யாரோ போட்ட கருத்துகள், ஒன்றும் மிச்சமில்லை. காலியான போன் சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால் வழிநெடுக அதை நிரப்பிக்கொண்டே வந்தோம். அவகாடோ கூடையோடு படம், ஸ்ட்ராபெரி விற்கிற பாவோ இனப் பெண்ணோடு படம், ஷான் நூடுல்ஸ் கிண்ணத்தோடு படம். எந்தச் சோதனைக் கேட்டில் யார் வாங்கிப் பார்த்தாலும் இது சந்தோஷமான குடும்பம் என்று தெரிய வேண்டும். ரங்கூன் லான்மடாவில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிற ஒருவன் குடும்பத்தோடு இன்லே ஏரி பார்க்கப் போகிறான், அவ்வளவுதான்.

உண்மையில் நாங்கள் பையனை ஒளித்துவைக்கப் போய்க்கொண்டிருந்தோம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்களுக்குப் பேர் விழுந்திருந்தது. ஒருவன் போனான், இன்னொருவன் எங்கே என்று அவன் அப்பாவுக்கே தெரியாது. அடுத்த குலுக்கலில் கணேஷ் பேரும் உண்டு. பஸ்ஸில் அனுப்பினால் அந்த வயதுப் பையன்களை வழியிலேயே இறக்கிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மஞ்சுளாவின் அம்மா இந்த இன்லே ஏரிக்கரையில் பிறந்தவள். அந்த அம்மாவின் தம்பி ஏரி நடுவே ஒரு தீவில் இருக்கிற சின்னப் பௌத்த மடத்தின் தலைமைத் துறவி. காவி கட்டியவனை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கும் வேறு கணக்கு தெரியவில்லை.

"பேரு ஞாபகம் வெச்சுக்க. ஸோ தூ. ஸோ தூன்னுதான் கூப்பிடணும்" என்று வண்டியை எடுக்கும்போது மறுபடி சொன்னேன்.

"எத்தன தடவ சொல்லுவீங்க? நாந்தான் கெடுக்கப்போறேன்னு முடிவே பண்ணிட்டீங்க" என்றாள் மஞ்சுளா.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இரண்டு பேர். அடையாள அட்டையில் பர்மியப் பேர், வீட்டிலும் கோவிலிலும் தமிழ்ப் பேர். அட்டையில் நான் ஊ செய்ன் மவுங். வீட்டில் சபாபதி. பிறந்ததிலிருந்து இப்படித்தான், இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொருவன் அட்டையில் பையனைக் கடத்துகிறவர்களும் இருக்கிறார்களாம். அட்டையில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகக் கேட்டால் கேட்டில் நிற்பவன் என்ன நினைப்பான்? அதனால்தான் மஞ்சுளாவை வழியெல்லாம் பிடுங்கியெடுத்தேன். அவளுக்கு வாய் நிற்காது. மகனை ராஜா, கண்ணு, கணேசு என்று நிமிஷத்துக்கு ஒன்றாகக் கூப்பிடுவாள்.

ஹேஹோ ஊரைத் தாண்டி மலை இறங்கும் இடத்தில் புதிதாக ஒரு கேட் முளைத்திருந்தது. மூங்கில் கழி, மணல் மூட்டை, தகரக் கொட்டகை. துப்பாக்கியோடு வந்தவனுக்கு எங்கள் பையன் வயதுதான் இருக்கும். பூட்ஸ் அவன் காலுக்குப் பெரிது. நடக்கும்போது குதிகால் உள்ளே தனியாக நடந்தது. இவனும் யாரோ பெற்ற பிள்ளைதான் என்று தோன்றியது. அதற்காக எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடவில்லை, பயம்தான் வந்தது. அட்டைகளை வாங்கினான், போனை வாங்கினான், நூடுல்ஸ் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தான். பின் சீட்டைக் காட்டி, "இவன் இறங்கட்டும்" என்றான்.

கணேஷ் கதவைத் திறந்தான். வெறுங்காலை வெளியே வைத்தான். கேட்டைச் சுற்றித் தரையெல்லாம் உடைந்த பாட்டில் கண்ணாடி.

"கணேசா, செருப்பப் போட்டுக்கிட்டு எறங்குடா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கணேஷ் காலை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 

"கணேசாங்கறது யாரு?" என்று பர்மியத்தில் கேட்டான்.

 மஞ்சுளாதான் பேசினாள். ஜன்னல் பக்கம் சாய்ந்து, வண்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாரைத் தொட்டுக் காட்டினாள்.

"மஹா பெய்ன்னே பேரு தம்பி. நாங்க இந்து. வீட்ல சாமி பேரு, அட்டையில உங்க பேரு. எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு பேரு உண்டு. எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு."

அவள் பர்மியம் ஏரிக்கரைப் பர்மியம், அம்மாவிடமிருந்து வந்தது. அந்த இழுவையைக் கேட்டதும் சிப்பாயின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மஹா பெய்ன்னே என்று பர்மியர்கள் சொல்கிற யானைமுகச் சாமி அவர்களுக்கும் தெரிந்த சாமிதான். பிள்ளையாரையே கொஞ்சநேரம் பார்த்தான். அட்டைப் படத்தையும் கணேஷின் முகத்தையும் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டான். 

"எப்ப திரும்புவீங்க?"

"ஞாயித்துக்கெழம."

"மூணு பேரும்தானே?"

"மூணு பேரும்" என்றேன்.

"சரி. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிக் கழியைத் தூக்கினான்.

கேட்டைத் தாண்டி மலை இறங்கினோம். மஞ்சுளா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டாமல் என் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஏரியில் படகு தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே புகுந்து போனது. தண்ணீரில் மிதக்கிற பாத்திகள், ஒற்றைக் காலால் துடுப்பு வலிக்கிற மனிதர்கள், பூகம்பத்தில் சாய்ந்து இன்னும் நிமிர்த்தப்படாத வீடுகள். கணேஷ் முதல்முறையாகத் தானாகவே போனை எடுத்து இரண்டு படம் பிடித்தான். பிறகு அதை அணைத்து அம்மா மடியில் வைத்துவிட்டான்.

மடத்தில் தாமதிக்கவில்லை. தலையிலிருந்து விழும் முடியைப் பெற்றவர்கள் வெள்ளைத்துணி விரித்து ஏந்த வேண்டும் என்றார்கள். சின்ன வயதில் காளி கோவிலில் இவனுக்கு மொட்டை போட்டபோது கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. இப்போது சத்தமே இல்லை. நானும் மஞ்சுளாவும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தோம், துணி நடுங்கியது. என் பக்கமா அவள் பக்கமா என்று தெரியவில்லை. காவி கட்டி வந்து அவன் உட்கார்ந்ததும், "இனி கும்பிட வேண்டியது நீங்க" என்றார் தலைமைத் துறவி. மஞ்சுளா நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். அவன் தொடைமேல் இருந்த கை அவளைத் தூக்க எழுந்து, பாதியில் நின்று, பழையபடி படிந்தது. நானும் விழுந்தேன். தரையில் முகம் இருந்தது வசதியாகப் போயிற்று.

ஞாயிறு காலை பனி விலகுவதற்கு முன் கிளம்பினோம். படகில் ஏறியதிலிருந்து மஞ்சுளா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டுல அந்தப் பையன் கேட்டா என்ன சொல்றது?"

"துறவியாயிட்டான்னு சொல்லுவோம்."

"எந்த மடம்னு கேப்பான்."

 வேறு பாதை உண்டா என்று படகுக்காரனிடம் கேட்டேன். உண்டு, ஆனால் அந்தப் பக்கம் சண்டை நடக்கிறது என்றான்.

அப்போது மடத்துப் படகு பிச்சைக்காகக் கால்வாயில் திரும்பி எங்களுக்கு எதிரே வந்தது. கருஞ்சிவப்புக் காவியும் மழித்த தலைகளுமாகத் துறவிகள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். எல்லாம் ஒரே தலை, ஒரே தோள். எங்கள் படகுக்காரன் மரியாதைக்கு என்ஜினை நிறுத்தினான்.

"என்னங்க, நம்ம புள்ள எதுங்க?" என்று மஞ்சுளா மெதுவாகக் கேட்டாள்.

நானும் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

"கடைசிக்கு முந்தி இருக்கான் பாரு" என்றேன்.

அவள் அந்தத் தலையை நோக்கிக் கைகூப்பினாள். படகுகள் ஒன்றையொன்று கடக்கிறவரை கண்ணை எடுக்கவில்லை. அந்தத் துறவி நிமிரவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வேறொருவன் மட்டும் தலையைக் கொஞ்சம் உயர்த்தினான். அவள் யாரைக் கும்பிடுகிறாள் என்று பார்த்தான். பாத்திரத்தை விட்டுப் பாதி எழுந்த கையைப் பழையபடி படியவைத்துக் குனிந்துகொண்டான்.