கட்டைவிரல் ஈரம்

ஆம்பூரில் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை தொங்குகிறது: 'ஏகாம்பரம் ராணுவ வரலாற்று அரங்கம்'. அவர் ராணுவத்தில் இருந்தவரல்ல. தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரிபார்த்து அனுப்பிய தோலில் கொஞ்சம் பூட்ஸாகி எங்கோ பனியில் நின்றிருக்கலாம். அவருக்கும் போருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அந்த உறவை அவர் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

"நான் பார்டருக்குப் போவல. என் தோலு போச்சு" என்பார். பார்க்க வந்தவர்கள் சிரிப்பதா, சல்யூட் அடிப்பதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் மாடியில் தக்காளி வளர்ப்பார்கள், இல்லையென்றால் சங்கத் தேர்தலில் நிற்பார்கள். ஏகாம்பரம் இரண்டாம் உலகப் போரின் விமான மீட்டர்களையும் திசைகாட்டிகளையும் டாங்கிக் கடிகாரங்களையும் வாங்கிக் குவித்தார். சென்னைப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தது பாதி, இணையத்தில் கிடைத்தது மீதி. வீட்டிலேயே ஏசி உள்ள ஒரே அறைதான் அரங்கம். இருட்டில் எண்கள் பச்சையாக ஒளிர்வதைக் காட்டவேண்டும் என்பதற்காக ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, கனமான திரை போட்டிருந்தார். ஆனால் பெரும்பாலானவை ஒளிரவில்லை. ஒன்றிரண்டு மட்டும், செத்த மீனின் வயிறு போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளுத்துத் தெரிந்தன.

"பவர் போய்டுச்சி" என்று அவற்றுக்காக வருந்துவார், ஓய்வு பெற்ற சக ஊழியருக்காக வருந்துவதைப்போல.

பொருள் அசலா போலியா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஃபினிஷிங்கில் வேலை செய்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, தோல்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார்கள். சாயம் விரலில் ஏறினால் அந்த லாட் திரும்பிப் போகும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகவே வாய்க்குப் போகும். ஏகாம்பரம் மீட்டரின் முகப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எண்களின் மீது அதே விரலை வைத்தார். பழைய பெயின்ட் பழுப்புப் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டும். சந்தேகம் தீர மறுபடி நாக்கு, மறுபடி விரல். ஒட்டினால் போலி என்பது அவருடைய சித்தாந்தம். எண்பது வருடப் பழைய பெயின்ட் உதிரத்தான் செய்யும் என்பதால், அவரிடம் இருந்த அசல் எல்லாம் போலி என்று தீர்ப்பாயிற்று. கழற்றிய கண்ணாடிகளை அவர் திரும்ப மாட்டவும் இல்லை.

சித்திரை வெயிலில், வளைகாப்பு முடிந்து மகள் ரோஷினியை வாலாஜாபேட்டையிலிருந்து அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம். ஏசி அறையில் கட்டில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"அதுங்கள வேற எங்கயாவது வைங்களேன்" என்றாள் மனைவி தேவிகா. "முள்ளு முள்ளா எல்லாம் அவளையே பாத்துனு இருக்குது."

"பாக்கட்டும். பேரன் வயித்துலயே ஹிஸ்டரி கத்துக்கட்டும்."

அங்கே படுக்க ரோஷினிக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்தில் விளக்கை அணைத்துப் படுத்தால் முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, மூலையில் ஒன்று திறக்கும். அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று.

"சுவர்ல இருக்கறது சரி நைனா. லைட்டு சுவிட்ச்சு மேலயும் ஒண்ணு இருக்குது. விரல் மாதிரி."

"மாசமா இருக்கறப்ப கண்ணுக்கு அப்படித்தாம்மா தெரியும்" என்றார் ஏகாம்பரம், தானே பலமுறை மாசமாக இருந்தவர்போல.

ஞாயிற்றுக்கிழமை, ரோஷினியோடு கல்லூரியில் படித்த ஹுமேரா ஆற்காட்டு மக்கன் பேடாவோடு பார்க்க வந்தாள். வேலூரில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் அவளுக்கு வேலை. இயந்திரங்களின் கதிர் சுவருக்கு வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஏகாம்பரம் அவளுக்கு முழு உரையையும் நிகழ்த்தும் ஏற்பாட்டோடு அறைக்கதவைத் திறந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அங்கிள், கண்ணாடி எல்லாம் எங்க?"

"கண்ணாடி வழியா பாத்தா அது ஹிஸ்டரியா? தொட்டுப் பாக்கணும்மா." ஒரு விமான மீட்டரை எடுத்து, விரலை நாக்குக்குக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!"

கடைசி வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

"அது ரேடியம் பெயின்ட் அங்கிள்."

"ரேடியமா? பைக்குல நம்பர் ஒட்டறானே, அதுவா? அதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"அது பேருக்கு ரேடியம். இது நெஜம்."

"அதான் பவர் போய்டுச்சே."

"போனது வெளிச்சம். பெயின்ட்ல மின்னுற மருந்துதான் செத்துப்போச்சு. ரேடியம் சாகல. ஆயிரம் வருஷம் ஆனாலும் பாதிக்கு மேல அப்படியே இருக்கும்."

ஏகாம்பரம் விடவில்லை. "வெளிநாட்டு மியூசியத்துல எல்லாம் வெச்சிருக்கானே?"

"வெச்சிருக்காங்க. கண்ணாடி தொறக்காம, பூட்டுன அலமாரில, காத்து போய்வர்ற எடத்துல. பக்கத்துல யாரையும் படுக்க வெக்கறதில்ல. நக்கிப் பாக்கறதும் இல்ல."

அன்றே ரோஷினியின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அறையைப் பெருக்கக் கூடாது, பூட்டிவிடுங்கள் என்று சொல்லிப்போன ஹுமேரா, மறுநாள் காலையில் கையுறைகளும் பிளாஸ்டிக் பைகளும், கதிர் பட்டால் சத்தம் போடும் செங்கல் அளவுக் கருவி ஒன்றுமாக வந்தாள். வாசல் கேட்டருகே அதை இயக்கினாள். டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக்.

"இது எல்லா ஊர்லயும் இருக்கறதுதான் ஆன்ட்டி. பயப்படாதீங்க."

அறைக்குள் அது தகரக் கூரையில் விழும் மழையாயிற்று. கட்டில் இருந்த இடத்தில் கேட்டது. சுவிட்சில் கேட்டது. அறைக்கு வெளியே வந்தால் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. கூடத்தில் ஏகாம்பரத்தின் சாய்வு நாற்காலிக் கையில் பிடித்தது. டிவி ரிமோட்டில், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில், அவருடைய செய்தித்தாளின் ஓரங்களில் பிடித்தது. இத்தனை மாதங்களாக அவர் எங்கெங்கே போனார், எதை எதைத் தொட்டார் என்பதை எல்லாம் அந்தச் சத்தம் ஒன்று விடாமல் நடந்து காட்டியது. தேவிகா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ரோஷினி, நில்லு" என்றாள் ஹுமேரா.

பாதம், கை, வயிறு. வயிற்றின்மேல் கருவியை நீண்ட நேரம் பிடித்தாள். டக். இடைவெளி. டக். கேட்டருகே கேட்ட அதே நிதானம். தேவிகா மூச்சுவிட்டாள். ஹுமேரா கருவியை முகத்துக்கு உயர்த்தினாள்.

நெற்றியில் அது படபடவென்று அடித்தது.

அங்கே இருந்தது விபூதி. மகள் வந்த நாளிலிருந்து, தினமும் காலையில் குளித்து, அரங்கத்தை ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏகாம்பரம் தன் கையால் இட்டுவிடுவது. கடவுள் படத்துக்குக் கீழே இருந்த சம்புடத்தை ஹுமேரா திறந்தாள். கருவியின் சத்தத்தில் இடைவெளியே இல்லாமல் போயிற்று.

"நெத்தியில மட்டுமா வெச்சாரு?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

தேவிகாதான் பதில் சொன்னாள். "வாயிலயும் ஒரு சிட்டிகை போடுவாரு. கொழந்தைக்கு நல்லதுன்னு."

கருவியை அணைக்க ஹுமேராவுக்குத் தோன்றவில்லை.

"உடம்பு அத சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சிக்கும் ஆன்ட்டி" என்றாள் கடைசியில். "எலும்புல கொண்டுபோய் வெச்சிக்கும். வயித்துல இருக்கறதுக்கு இப்பதான் எலும்பு வளர்ற நேரம்."

"நான் முழுங்கல" என்றாள் ரோஷினி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"விபூதி வாசனையே ஒத்துக்கல. கொமட்டிச்சி. நைனா அந்தப் பக்கம் திரும்புனதும் வாஷ்பேசின்ல துப்பிடுவேன். வாய் கொப்பளிச்சிட்டுதான் காபியே குடிப்பேன்."

"என்னிக்காவது முழுங்கியிருக்கியா? யோசிச்சிச் சொல்லு."

"ஒருநாள் கூட இல்ல. மனசு கஷ்டப்படுவாருன்னு சொல்லல."

ஹுமேரா வாஷ்பேசினுக்கு ஓடினாள். கருவியை வடிகால் துளைக்கு மேலே பிடித்தாள். அது அடித்தது. அப்படி ஒரு பயங்கரமான சத்தத்தை அந்த வீடு கைகூப்பி வரவேற்றது. ஈரத் துணியால் ரோஷினியின் நெற்றியைத் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டினாள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். டக். இடைவெளி. டக்.

"எதுக்கும் ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிடலாம். ஆனா தப்பிச்சிட்ட."

ஏகாம்பரம் ஏதாவது சொல்லியாக வேண்டும். எந்த நிகழ்ச்சியிலும் தலைமையுரை அவருடையதுதானே.

"பிரசாதத்தத் துப்புனியா?" என்றார்.

"துப்பிச்சி" என்றாள் தேவிகா. "நல்லா துப்பிச்சி. நீங்க வாய மூடுங்க."

"அங்கிள், கையக் காட்டுங்க."

கட்டைவிரலில் மழை பெய்தது. சோப்புப் போட்டுக் கழுவினார். குறைந்தது. மறுபடி கழுவினார், நகத்துக்கடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். இன்னும் குறைந்தது. ஹுமேரா உதடுகளைக் கழுவச் சொன்னாள், வாய் கொப்பளிக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் செய்தார். அவள் கருவியை அவருடைய தாடையருகே கொண்டுவந்தாள்.

பாலைவனப் போரைப் பற்றி மூச்சு வாங்காமல் பேசக்கூடியவர், மருந்து வேண்டாம் என்னும் குழந்தையைப்போல உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து, அவர் ஒன்றும் பேசாமலே, அது வந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா அங்கிள்?" என்று ஹுமேரா மெதுவாகக் கேட்டாள்.

"நைனா..." ரோஷினி வயிற்றைப் பிடித்தபடி அவர் பக்கம் வந்தாள்.

அவளை யாரும் தடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏகாம்பரம் ஓரடி பின்னால் வைத்தார். ஹுமேராவின் கையில் இருந்த கருவி கொஞ்சம் தணிந்தது. அதைக் கவனித்துக் கேட்டார். இன்னும் ஓரடி வைத்தார். மகளையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, அது கேட்டருகே அடித்த நிதானத்துக்கு வரும்வரை பின்னால் போய்க்கொண்டிருந்தார்.