அமாவாசைக்குப் பிறகும் ஒரு போகம்

கார்த்திகை அமாவாசையன்று நண்பகலோடு காலம் முடிந்துவிடும் என்று சொல்லி மதுரன் அந்த வருடம் வயலை உழாமல் விட்டான். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வட்டை என்று சொல்லும் அந்த வயல்வெளி முழுவதும் மழைக்கு முன்பே புரட்டிப் போட்டிருக்க, அவர்களுடைய துண்டு மட்டும் புல் மூடிக் கிடந்தது.

காணி அவனுடையதல்ல. அந்தப் பக்கத்து வழக்கப்படி தாயின் நிலம் பெண்பிள்ளையான அவன் அக்கா தக்ஷாயினிக்கே எழுதப்பட்டிருந்தது. அவள் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியை. தம்பி வயலைச் செய்வான். நெல்லை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இதுவரை அதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

மாசி மாதம் மதுரனின் மனைவி சுகிர்தா டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். வயிற்றில் ஏழு மாதக் குழந்தை இருந்தது. அதன் பிறகு அவன் வேலைக்குப் போவதும் பேசுவதும் குறைந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு சாமியார் வாவிக்கரையில் தகரக் கொட்டில் போட்டு, யுகம் முடியப்போகிறது என்று சொல்லத் தொடங்கியபோது, யாரையாவது பறிகொடுத்தவர்கள்தான் முதலில் அங்கே போனார்கள். மதுரனும் போனான்.

தக்ஷாயினி முதலில் படித்த படிப்பைக் கொண்டு வாதாடினாள். நட்சத்திரங்கள் எரிந்து தீர்வதற்கே கணக்கில் அடங்காத ஆண்டுகள் ஆகும் என்றாள். அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

மழை தொடங்கிய கிழமை வகுப்பில் ஒரு மாணவி, காலம் உண்மையிலேயே முடியுமா என்று கேட்டாள். கொட்டிலின் பேச்சு பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருந்தது. யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று தக்ஷாயினி ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் எல்லாச் சூடும் எங்கும் ஒரே அளவாகப் பரவி, ஒன்றுமே மாறாத நிலை வந்தால், நேற்றையும் நாளையையும் பிரித்தறிய வழியிருக்காது. அப்போது காலம் இருந்தாலும் இல்லாத மாதிரித்தான் என்றாள். சொல்லிவிட்டு, சோக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். மூடிய ஜன்னலும் மடிக்காத பாயுமாகக் கிடக்கும் தம்பியின் அறை அவள் நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரமே ஏறாவூர் மீராசாஹிபுக்குப் போன் செய்தாள். வருடாவருடம் உழவு மெசின் கொண்டு வருபவர் அவர்தான். மறுநாள் காலையில் வந்து இறங்கியவர் தயங்கினார்.

“தம்பி வர வேணாமெண்டு சொன்னாரே டீச்சர்.”

“காணி என்ட பேரில. நான் வரச் சொல்றன்.”

முடிவு நாள் ஒன்று இருப்பதைத் தானும் நம்புவதாக மீராசாஹிப் சொன்னார். ஆனால் அது எப்போது என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும் என்றும், அதற்குத் தேதி குறிக்கும் துணிச்சல் மனிதனுக்கு எங்கிருந்து வருகிறதோ என்றும் சொல்லிக்கொண்டே மெசினை வயலுக்குள் இறக்கினார். முதல் சால் போவதற்குள் மதுரன் ஓடி வந்து முன்னால் நின்றான்.

“அழியப் போற உலகத்தில விதைக்கிறது கடவுளோட மல்லுக்கு நிக்கிறது அக்கா.”

“அப்ப நிக்கிறன். விலகு.”

அவன் விலகவில்லை. மீராசாஹிப் மெசினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

“காலம் எப்பவோ ஒருநாள் முடியலாம்,” என்றாள் தக்ஷாயினி. “அது எனக்குத் தெரியா. ஆனா ஒரு கொட்டில்ல இருந்து நாள் குறிச்சு அதை முடிக்க ஏலா.”

மதுரனின் குரல் தாழ்ந்தது. “உனக்கு விளங்கல்ல. முடியுமெண்டு நான் நம்பல்ல அக்கா. முடியோணும். எனக்கு முடியோணும்.”

இத்தனை நாளும் அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் அவளுக்குப் பயனற்றுப் போயின. அவள் சேற்றில் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்தாள்.

“முடிய விடமாட்டன். உன்னையும் சேத்துத்தான் சொல்றன்.”

அவன் கையை உதறிக்கொண்டு வரம்பில் ஏறிப் போய்விட்டான். மெசின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

விதைப்பையும் அவளே செய்தாள். காலையில் வயலில் இறங்கி, குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். டீச்சருக்கு என்ன வந்தது என்று பலர் கேட்டார்கள். கை பழகாததால் சில இடத்தில் நெல் கொத்தாக முளைத்தது, சில இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் முளைத்தது.

அமாவாசையன்று அவள் லீவு போட்டாள். மரக்கறி மட்டும் சமைக்கும் நாள் என்று தெரிந்தும், தம்பிக்குப் பிடித்த வாவி இறாலை வாங்கிக் கறி வைத்து, சோற்றோடு கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். நாட்கணக்கில் பட்டினி கிடந்த முகங்கள் உள்ளே வரிசையாக இருந்தன. யாரோடும் வாதாட அவள் வரவில்லை. அந்த நேரம் தாண்டியதும் தம்பி என்ன செய்துகொள்வானோ என்ற பயமே அவளை இழுத்து வந்தது. அவனருகில் போய் உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பகல் வந்தது. தகரம் சூட்டில் படபடத்தது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. சாமியார் கண்களை மூடியபடி நெடுநேரம் இருந்துவிட்டு, பக்தர்களின் விரதம் இன்னும் போதவில்லை, முடிவு தை அமாவாசைக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று அறிவித்தார். பலர் தலையாட்டினார்கள்.

“தை வரைக்குமா?” மதுரன் எழுந்து நின்றான். “இன்னும் தை வரைக்கும் என்னால காத்துக்கிடக்க ஏலா சாமி. முடிக்க ஏலாட்டி விடுங்க.”

அவன் மெல்ல உட்கார்ந்து, அக்காவின் மடியிலிருந்த பொதியைப் பார்த்தான். அவள் அவிழ்த்துக் கொடுத்தாள். எல்லோரும் பார்த்திருக்க அவன் சாப்பிட்டான், அழுதுகொண்டேதான் சாப்பிட்டான். இறால் வாசம் பரவியதும் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பின்னால் இருந்த ஒரு பெண் மட்டும் நகர்ந்து வந்து கையை நீட்டினாள். தக்ஷாயினி அவளுக்கும் ஒரு பிடி வைத்தாள்.

மதுரன் அன்றோடு தேறிவிடவில்லை. கிழமைக்கணக்கில் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தான். கொட்டிலுக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. மார்கழியில் விடாமல் மழை பெய்து, மேலேயுள்ள குளங்களின் கதவுகளைத் திறந்துவிட்டதும் வெள்ளம் வட்டைக்குள் ஏறியது. வரம்பை வெட்டித் தண்ணீரை விட ஊரில் ஆட்கள் போவதைக் கண்டு அவன் தானாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பின்னேரம் இடுப்புவரை சேற்றோடு வந்து படியில் நின்றான்.

“அரைவாசிப் பயிர் போயிட்டுது அக்கா.”

“மற்ற அரைவாசி?”

“நிக்குது.” அவன் குனிந்து காலைக் கழுவினான். “உன்ட விதைப்பு சரியில்ல. வெறுமையாக் கிடக்கிற இடத்துக்கு நாத்துப் பிடுங்கி நடோணும். பள்ளிக்கூடம் லீவுதானே, நாளைக்கு வா.”