இடது கைப்பக்கத்து வீடு

நூலகத்தின் மாத இதழில் ஊரின் பழைய கதைகளைப் போடும் பக்கம் என் பொறுப்பு. பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கீழே நாலு வரி எழுதுவேன். இந்த மாதம் பாலத்துத் தெரு. பாலத்தின் மேல் நின்று யாரோ எடுத்த படம். அந்தத் தெருவே இன்று இல்லை, இடித்து அகலச் சாலை போட்டுவிட்டார்கள். அம்மா பிறந்த மாடிவீடு அதில் தெரிகிறதே என்று ஆசையாய்ப் பிரதி எடுத்துப் போய்க் காட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

"எங்க வீடு பாலத்துலேர்ந்து இறங்கினா இடது கைப்பக்கம்டி. இது என்ன வலது பக்கம் நிக்குது?"

"படம் பொய் சொல்லுமாம்மா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அம்மா தனியாக இருக்கிறாள். போன மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனதிலிருந்து தம்பிக்கு ஒரே பாட்டு. படத்து விஷயம் தெரிந்ததும் போனிலேயே குதித்தான். "பொறந்த வீடே எந்தப் பக்கம்னு தெரியல. இன்னும் என்னக்கா யோசனை? வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறப்ப டாக்டரும் மறதின்னு சொல்லிட்டா வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவை நம்மகூட வச்சுக்கலாம்."

இப்போது இருக்கும் வீட்டை விட்டால் அம்மா உயிரை விட்டுவிடுவாள். ஆனால் படம் கண்ணெதிரே இருக்கிறது. யாரை நம்புவது? எனக்கு மண்டை காய்ந்தது.

வியாழக்கிழமை, பக்கத்துக்கு அடங்கும்படி படத்தின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். பாலத்தடியில் ஏழெட்டு ஆண்கள் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சட்டைப் பை வலது மார்பில். ஊரிலிருந்த தையல்காரர்கள் எல்லாருக்குமா புத்தி கெட்டுவிட்டது?

ஐயையோ! நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன். பளபளப்புப் பக்கம் எது, மங்கல் பக்கம் எது என்று பார்த்து வைக்க முதல் நாளே சொல்லித் தருவார்கள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். திருப்பி வைத்து எடுத்தேன். வீடு இடது பக்கம் வந்து நின்றது. பிரதியோடு ஓடினேன்.

"அம்மா, நீ சொன்னதுதான் சரி! இடது பக்கம்தான்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னைச் சோதிக்கிறியா?"

"சத்தியமா இல்லம்மா. தப்பு என்னோடது."

இரண்டு படங்களையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். முகம் குழம்பிப் போயிற்று.

"ஏன்டி இப்படிப் பண்ற? டாக்டர் கேட்டா தப்பாச் சொல்லிடக் கூடாதேன்னு ஒரு வாரமா வலது பக்கம், வலது பக்கம்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். பாலத்துலேர்ந்து இறங்கறேன், வலது பக்கம் திரும்பறேன், கதவைத் தட்டறேன், எங்கம்மா வந்து தொறக்கறா. அவ்வளவு நல்லா வருது."

"அதை விடும்மா. இடது பக்கம் திரும்பு. கண்ணை மூடி நினைச்சுப் பாரு." என் குரல் கெஞ்சியது.

கண்ணை மூடினாள். இடது கையை மெல்ல நீட்டி, கதவைத் தேடுபவள்போல் துழாவினாள்.

"இங்க வீடே இல்லையேடி" என்றாள்.