காயப்போட்ட மண்

அது மாசியா பங்குனியா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. திருக்கொச்சி மாநிலம் இருந்த காலம். யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதிலும் பிசகு இருக்கலாம். அந்த மண்ணின் வாடை மட்டும் பிசகாமல் நினைவில் இருக்கிறது.

சாலைக் கடைவீதியில் கோமதிநாயகம் பிள்ளையின் தானியக் கிட்டங்கி. விடியுமுன்பே கூலிப்பெண்கள் எலிசாளும் முத்தாரம்மாளும் குத்துக்காலிட்டுக் கறுத்த சதுப்பு மண்ணைச் சலிப்பார்கள். நகக்கண் வெடித்து எரியும். விவசாயச் சோதனைச்சாலையிலிருந்து புட்டியில் வரும் கலங்கல் நீரை அதில் ஊற்றிப் பிசைந்து பொட்டலம் கட்டுவார்கள். பயற்று விதையை அதில் புரட்டி விதைத்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேரில் முடிச்சுப் போட்டு, காற்றின் தழைச்சத்தைச் செடிக்கு ஊட்டும். நான் அங்கே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரரில் ஒருவன்.

புட்டி கொண்டுவந்தவர் முதல் நாளே சொன்னார்: "இது உயிராக்கும். ஈரமும் நிழலும் வேணும். வெயில் பட்டா செத்துப்போகும்."

பிள்ளை தலையாட்டினார். அவர் போனதும் சிரித்தார். "ஈரத்தோட எவனாம் சரக்கு கட்டுவானா? பூஞ்சை பூத்துல்லா போவும்! மாடியில காயப்போடுங்கட்டி."

மிளகாய்க்கும் உளுந்துக்கும் பக்கத்தில் அதுவும் காய்ந்தது. பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் துழாவினார்கள். நான் பொட்டலங்களைச் சுமந்தேன். கொல்கிறோம் என்று மூவருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதும் தெரியும்.

பெரும்பயறு பூக்கவேண்டிய சமயத்தில் எலிசாளின் அண்ணன் சத்தியதாஸ் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தார். பாட்டக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிரிடுகிறவர். கையில் மஞ்சளித்த செடிகள். கூடவே ஊர்க்காரர்கள்.

"மொதலாளி, வேரைப் பாரும். ஒரு முடிச்சு உண்டா? எந் தங்கச்சி கைபட்ட பொட்டலம்னு ஊரெல்லாம் நாந்தான் வாங்க வச்சேன்."

பிள்ளை செடியைத் தொடவில்லை. "கட்டினது உந் தங்கச்சிதான? இவளுக கை அழுக்கு. இந்த மாசம் ரெண்டு பேருக்கும் பாதிக் கூலி. போதுமா?"

"அவ கூலி எனக்கு எதுக்கு வேய்?"

எலிசாளின் விரல்கள் முந்தானைக்குள் ஒளிந்தன.

"அண்ணே," என்றாள், தரையைப் பார்த்தபடி. "செத்த மண்ணாக்கும். வெயில்ல போட்டுக் கொன்னது நாங்கதான். அறிஞ்சோண்டுதான் கட்டினோம்."

சத்தியதாஸின் கையிலிருந்த செடிகள் தாழ்ந்தன. "நீயா மக்களே?"

"வாயப் பொத்துட்டி! நாளைக்குச் சோறு வேண்டாமா?" என்று பிள்ளை அதட்டினார்.

"அந்தச் சோத்தத்தான இத்தன நாளும் தின்னோம், மொதலாளி," என்றாள் முத்தாரம்மாள். "தொண்டையில எறங்கல்ல. மாடியில கெடக்கத இனி நாங்க கட்டமாட்டோம்."

பிள்ளை என்னிடம் திரும்பினார். "லே தங்கையா, நீ சரக்கை வண்டியில ஏத்து."

முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தேன். காது சுட்டது. இரண்டு பெண்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது.

"நிழல்ல வச்சு உயிரோட கட்டினா ஏத்துதேன். அவங்க கூலியும் குறையப்படாது."

மற்ற சுமட்டுக்காரர்களும் தலையிலிருந்து சும்மாட்டை அவிழ்த்தார்கள்.

பிள்ளை எங்களை வெளியே தள்ளிக் கிட்டங்கியைப் பூட்டினார். வாசலில் உட்கார்ந்தோம். சத்தியதாஸ் தங்கையிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகவும் இல்லை. ஊர்க்காரர்களோடு எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் எங்களுக்கு அந்தப் பூட்டு திறக்கவில்லை. பிள்ளை மைத்துனர் கடையில் வியாபாரம் பார்த்தார். முத்தாரம்மாள் வீடுகளில் நெல் குத்தினாள். எலிசாள் அண்ணன் வயலில் களை பறித்தாள். அவர் அவளோடு பேச வெகுநாளாயிற்று. நான் வேறு கடைகளில் சுமந்தேன். வெயிலில் காய்ந்த அந்தப் பொட்டலத்தை மட்டும், பிள்ளை கூப்பிட்டும், சாலைக் கடைவீதியில் எந்தச் சுமட்டுக்காரனும் தூக்கவில்லை.