தென்னரசைப் பற்றி நாலு வார்த்தை

மோட்டார் இல்லாமல் காயில் கடைக்கு வருகிற ஆட்களைச் சீனுவாசனுக்குப் பிடிக்காது. விழுப்புரம் திருச்சி சாலையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிற கடை அவருடையது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாடிக்கையாளர். வெறுங்கையோடு வந்தால் ஒன்று நன்கொடை கேட்பவர்கள், இல்லையென்றால் வேலையாளைக் கொத்திக்கொண்டு போக வந்தவர்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். மூத்தவர் கடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க தென்னரசுன்னு ஒரு புள்ள வேல செய்யுதாமே, ஆளு எப்டிங்க?" என்றார்.

 தென்னரசு பக்கத்து ஊரான கெடாரில் ஒரு போர்வெல் மோட்டாரை மேலே ஏற்றப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. புறவழிச்சாலையில் புதிதாக ஒரு சர்வீஸ் சென்டர் திறக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இவர்கள் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவரும் பட்டுத் தெளிந்தவர்தான். முன்பு கடையில் சவுரிராயன் என்று ஒருவன் வேலை செய்தான். அவன் கைவேலையை டீக்கடையில் வாய் ஓயாமல் புகழ்ந்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றபடி கேட்டவரே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்து வந்த தேவாவை ஒரு கல்யாணப் பந்தியில் புகழ்ந்தார். பாயசம் வருவதற்குள் தேவா போய்விட்டான். தென்னரசு வந்த பிறகு சீனுவாசன் கொள்கையை மாற்றிக்கொண்டார். கடைக்குள் அவனுக்கு ஞாயிறுதோறும் பிரியாணி, தீபாவளிக்கு இரண்டு சட்டை. கடைக்கு வெளியே வசவு. சோம்பேறி, கைராசி இல்லாதவன், சொன்ன பேச்சு கேட்காதவன் என்று நாலு பேர் காதில் விழும்படி தினமும் புலம்புவார். மனைவி கலைப்பிரியாவே நம்பிவிட்டாள். "இவ்ளோ பேஜாரு புடிச்சவன எதுக்கு வெச்சிக்கினு இருக்கீங்க? தொரத்தி வுடுங்க" என்பாள். அவளிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அவள் தம்பிக்குக் கோலியனூரில் ஹார்டுவேர் கடை இருக்கிறது; அவனும் ஆள் தேடுகிறவன்.

ஆகவே வெள்ளைச் சட்டைக்காரர்களிடமும் அதையே எடுத்துவிட்டார். "அவனையா கேக்கறீங்க? காலையில கடைய தொறக்கச் சொன்னா மத்தியானம் வருவான். அவன் ஒரு மோட்டார் கட்டுனா ரெண்டு மோட்டார் எரியும்."

"கோவம் வருமா?"

"ஸ்பேனர் பறக்கும்."

"குடி கிடி?"

இங்கே மட்டும் சீனுவாசனின் நாக்கு கொஞ்சம் தயங்கியது. இருந்தாலும் கைதேர்ந்த ஆளை விட மனம் வருமா? "அத என் வாயால சொல்லக்கூடாதுங்க" என்று பெருமூச்சு விட்டார். பொய் சொல்லாமல் தப்பித்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவர் இரண்டாவது டீ சொன்னார்.

மாலையில் தென்னரசு உடம்பெல்லாம் சேற்றோடு வந்தான். வந்தவன் கைகூடக் கழுவாமல் நெளிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, யாராச்சும் வந்தாங்களா? பொண்ணு வூட்ல விசாரிக்க வர்றேன்னாங்க. கண்ணு பட்டுடும்னு அம்மாதான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுச்சு. மயிலம் கோயில்ல பாத்தோம்ணே. அஸ்வினின்னு பேரு. எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. அதுக்கும் புடிச்சிருக்காம். திண்டிவனத்துல அவங்க அப்பாவும் நம்ம தொழில்தான். கடையில போய் எங்க அண்ணன கேளுங்க, அவரு என்ன சொல்றாரோ அதான் நான்னு சொல்லிட்டேன்."

சீனுவாசன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, திண்டிவனத்தில் அந்தக் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆப்பிளும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். வழியெல்லாம் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு போனார். தென்னரசு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதில் போய் மண்ணள்ளிப் போட்டோமே என்று நொந்துகொண்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பம்புசெட் கடை. அதையொட்டியே வீடு. கல்லாவில் நேற்றைய மூத்தவர், அஸ்வினியின் அப்பா வெங்கடாசலம். சீனுவாசன் பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தார். "நேத்து நான் சொன்னது அத்தனையும் பொய்யிங்க. நீங்க ஆள இட்டுக்கினு போக வந்தீங்கன்னு நெனச்சிட்டேன்."

வெங்கடாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். "உக்காருங்க. எங்கிட்ட இருந்த மெக்கானிக்க நான் திருடன்னே சொல்லிக்கினு இருந்தேன். எவனோ அது பொய்யின்னு கண்டுபுடிச்சி புதுச்சேரிக்கு இட்டுக்கினு போயிட்டான். அவ்ளோ மோசமான ஆள ஒருத்தரு வெச்சிக்கினு இருக்காருன்னா அவன் சொக்கத் தங்கமாத்தான் இருக்கணும்னு வெளிய வந்ததுமே கூட வந்த மச்சான்கிட்ட சொன்னேன்."

சீனுவாசனுக்கு மூச்சு வந்தது. ஆனால் வெங்கடாசலம் இன்னும் முடிக்கவில்லை. "எனக்கு ஒரே பொண்ணு. கல்யாணத்துக்கப்புறம் மாப்புள இங்க வந்து கடைய பாத்துக்கணும். இத இன்னும் பையன்கிட்ட சொல்லல. குடி விசயம் மட்டும்தான் நெருடுது. நீங்க வாயால சொல்லக்கூடாதுன்னீங்க பாருங்க, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. உண்டா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உண்டுன்னா இதோட வுட்டுடறோம்."

வாசல் திரைக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் சட்டென்று நின்றது. சீனுவாசன் ஆப்பிள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்டு என்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், நாளைக்குக் காலையில் கடையைத் திறக்கத் தென்னரசு இருப்பான். இன்னும் பல வருடங்களுக்கு இருப்பான். பாழாய்ப்போன ஆசை அவரை அப்படியும் இப்படியும் ஆட்டியது.

"அவன் டீ கூட குடிக்க மாட்டாங்க" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. இத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்த புகழ்ச்சி மடை உடைந்து கொட்டியது. கிணற்றடியில் நின்று சத்தத்தைக் கேட்டே பேரிங் போனதைச் சொல்வான் என்றார். பணம் இல்லாத விவசாயியை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை என்றார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் கடையை அவன் ஒருவனே பார்த்துக்கொண்டான் என்றார்.  அஸ்வினி கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படர்ந்தது.

கேட்டுக்கொண்டிருந்த வெங்கடாசலத்துக்கு உட்கார முடியவில்லை. எழுந்துபோய், பட்டறையில் ஜன்னலோரம் குவிந்து கிடந்த எரிந்த மோட்டார்களை ஓரம் தள்ளி, மாப்பிள்ளை உட்கார்ந்து வேலை செய்ய இடம் பண்ண ஆரம்பித்தார்.

 சீனுவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு மோட்டாரின் மறுமுனையைப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் வேணாங்க" என்றார். "அவன் எடது கைக்காரன். வெளிச்சம் வலது பக்கத்துல இருந்து வரணும்."