எதிர் எடை

"நீங்க ஒரு ஆள்தானே ஏறினீங்க?" என்று மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருமுறை தையலம்மாவிடம் கேட்டாள். லிஃப்டில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பாரம் அதிகமானால் அடிக்கிற மணி அடித்துக்கொண்டிருந்தது. தையலம்மா கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஒல்லியான ஆள். "நீ போம்மா, நான் படியில வரேன்" என்று இறங்கிக்கொண்டாள். மணி நின்றது. படிக்கட்டின் கற்கள் நடுவில் குழிந்திருப்பதையும், அந்தக் குழி தையலம்மாவின் வாசலோடு நின்றுவிடுவதையும் புதியவள் பிறகுதான் கவனித்தாள். மற்றவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வெங்காயம் விலை ஏறியதைச் சொல்லுகிற குரலில் சொல்வார்கள்: அந்தம்மா வீட்டுக்காரர் எடையும் அவங்க மேலதானே இருக்கு.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல கனமான மனிதர். அவர் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலி பெருமூச்சு விடும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டு விவகாரம் முழுவதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. மின்சார இணைப்பு யார் பேரில் இருக்கிறது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, இன்ஷூரன்ஸ் கட்ட எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் தையலம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. அவள் தையல் அறையிலிருந்து "என்னங்க" என்று கேட்பாள். அவர் கூடத்திலிருந்து, செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், பதில் சொல்வார். ஒரு அறையிலிருந்து கேள்வி போவதும் இன்னொரு அறையிலிருந்து பதில் வருவதுமாக அந்தக் குடித்தனம் நடந்தது. அதற்கு மேல் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அவர் படுக்கையில் விழுந்து, டாக்டரும் கையை விரித்த பிறகு, வேறு ஊரில் பேங்க் வேலையில் இருக்கும் மகள் ஃபோன் செய்தாள். "அப்பா பேச்சு தெளிவா இருக்கும்போதே எல்லாத்தையும் கேட்டு வெச்சுக்கோம்மா. அப்புறம் அது எங்கே, இது எங்கேன்னு என்கிட்ட அழாதே" என்றாள். கலர் கலராகப் பிளாஸ்டிக் ஃபைல்களும் அனுப்பினாள். அன்று முதல் மத்தியான மாத்திரை கொடுத்ததும் தையலம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். ஓய்வூதியக் காகிதங்கள் எந்தப் பெட்டியில் என்று அவர் முதலில் சொன்னார். சொல்லி முடித்ததும் ஸ்டூலின் கால் முறிந்தது. பழைய ஸ்டூல் என்று அவள் அதைப் பால்கனியில் போட்டாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை மிஷினில் அவர் பாதியாக இருந்தார். நர்ஸ் மிஷினைத் தட்டிப் பார்த்தாள். பிறகு தையலம்மாவை ஏறச் சொன்னாள். முள் சுற்றிப் போய் மறுபக்கம் முட்டிக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்துத்தான், படுக்கையில் விழுந்த பிறகு முதல்முறையாக, அவர் சிரித்தார். "மிஷின் சரியாத்தான் இருக்கு. லிஃப்ட் மேல போகணும்னா எதிர்ப்பக்கம் பாரம் கீழ இறங்கணும். நான் சொல்லச் சொல்ல நீ கனக்கறே, அவ்வளவுதான்" என்றார். நர்ஸ் அதையே சீட்டில் எழுதிக்கொண்டாள். டாக்டர் படித்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

எல்லா விஷயமும் ஒரே கனமாக இல்லை. ஃபோனைத் திறக்கிற எண் ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. வீட்டுப் பத்திரம் இருக்கிற இடம் அம்மிக்கல் கனம் கனத்தது. தன் காரியத்துக்கு அண்ணனைக் கூப்பிட வேண்டாம், ஆனால் வந்தால் வாசலில் நிறுத்தவும் வேண்டாம் என்று சொன்ன அன்று அவர் மெத்தையைவிட்டு ஒரு சாண் எழும்பினார். தையல் அறை ஜன்னல் கொக்கி போட்டாலும் நிற்காது, துணியை மடித்துச் செருக வேண்டும் என்று சொன்ன அன்று இன்னொரு சாண். தையலம்மாவின் செருப்புகள் தேய்ந்து தேய்ந்து காகிதமாயின. மிதித்த வேகத்தில் தையல் மிஷினின் பெடல் விரிசல் விட்டது. இடுப்பு விட்டுப்போனது. மத்தியானம் ஆனால் இருவருக்கும் அலுப்பாக இருந்தது. சொல்கிறவருக்குச் சொல்லி அலுப்பு, கேட்கிறவளுக்குச் சுமந்து அலுப்பு. கீழ்வீட்டுத் தலைமையாசிரியர், பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் குரலை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தவர், படியில் நின்று கேட்டார். "வீட்டுக்குள்ள யானை ஏதாவது கட்டி வெச்சிருக்கீங்களாம்மா? நீங்க சமையலறைக்குப் போனா எங்க வீட்டுக் கூரையில சுண்ணாம்பு கொட்டுது." சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள்.

கடைசியில் அவர் கூரையில் போய் ஒட்டிக்கொண்டார். தையலம்மா அளவெடுக்கிற டேப்புகள் இரண்டை முடிந்து, ஒரு நுனியை அவர் கணுக்காலிலும் மறு நுனியைக் கட்டில் காலிலும் கட்டினாள். கஞ்சி கொடுக்கவும் துடைத்துவிடவும் கிணற்று வாளியை இழுப்பது போல இழுத்துக்கொள்வாள். பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து நலம் விசாரித்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று சீக்கிரம் கிளம்பினார்கள். கோடை வந்தது. அவர் மேலே இருந்ததால் ஃபேன் போட முடியவில்லை. கூரையோரம் தேங்கிய சூடு முதுகில் ஏறி அவருக்குத் தூக்கம் போயிற்று.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தண்ணி வால்வு எங்கேன்னு சொல்லலை. சொல்லிடட்டுமா?"

"அது பாக்கியா இருக்கட்டும்."

"களைப்பா இருக்குடி."

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள்.

குழாய்களைப் புதுப்பித்த காலத்தில் அந்த வீட்டுக்கு மட்டும் தனி வால்வு வைத்தது அவர்தான். வேறு யாருக்கும் இடம் தெரியாது. தையலம்மாவுக்கும் தெரிய வேண்டாம். அதைக் கேட்டுவிட்டால் அவர் போய்விடுவார். கேட்க ஒன்றும் மிச்சமில்லாத வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அவர் வாயைத் திறந்தாலே மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அந்தக் கோடையில் அவளிடம் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சொன்ன நாளுக்கு முன்பே கிடைத்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் சற்று வேகமாகத் திரும்பினாள். தரை அதிர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் இருந்த குழாய் உடைந்தது. துணியைச் சுற்றினாள், தண்ணீர் துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. காவல்காரர் மொட்டைமாடித் தொட்டியை அடைக்க ஓடினார். அங்கே துருப்பிடித்த கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூடத்துக்கு வந்தது, கட்டில் காலை நனைத்தது. கூரையிலிருந்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாளி வாளியாக மொண்டு பால்கனி வழியே ஊற்றினாள். எவ்வளவு நேரமானாலும் மாடித் தொட்டி ஒருநாள் காலியாகித்தானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது தலைமையாசிரியர் மேலே வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் சட்டை தோள்வரை நனைந்திருந்தது. கூரையில் இருந்தவரையும் டேப்பையும் தண்ணீரையும் பார்த்தார். பழைய குரல் வரவில்லை.

"என் வீட்டுக்காரியால திரும்பிப் படுக்கக்கூட முடியாதும்மா. கட்டிலை நகர்த்திப் பார்த்தேன், எங்கே நகர்த்தினாலும் அவ மேலயே சொட்டுது. குடை பிடிச்சுட்டுதான் இருந்தேன். கை விட்டுப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, குடையைப் பிடிக்கத் திரும்பவும் இறங்கிப் போனார்.

தையலம்மா வாளியை வைத்தாள். கட்டில் காலிலிருந்து டேப்பை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"உன் மிஷினுக்குப் பின்னாடிதான். சுவரோரம். நீ எப்பவும் உட்கார்ந்து தைச்சுக்கிட்டே இருப்பே, உன்னை எழுப்பிக் காட்ட மனசு வரலை. அப்படியே போயிடுச்சு. அதை நான் தலைகீழா மாட்டிட்டேன், இடதுபக்கம் திருப்பினாத்தான் மூடும்."

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். ஒரு கையில் டேப், மறுகையால் ஜன்னலில் செருகியிருந்த மடித்த துணியை உருவினாள். ஜன்னல் கதவு தானாகத் திறந்துகொண்டது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும் மிஷினை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள், அது விலகியது. நூல் தூசிக்குள் வால்வு இருந்தது. வாழ்நாளெல்லாம் அவள் உட்கார்ந்து தைத்த இடத்துக்கு நேர் எதிரே. ஒரு கையால் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். டேப்பை மிஷின் காலில் கட்டிவிட்டுத் திருப்பியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் உரசி உரசி அவர் முழங்கை தோல் வழன்றிருந்தது.

டேப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இடதுபக்கம் திருப்பினாள்.

அவள் காலடியில் தரைக்கல் இரண்டாகப் பிளந்தது. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கீழ்வீட்டில் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்தபோது டேப்பின் நுனி ஜன்னல் விளிம்பில் ஒருமுறை தட்டி, வெளியே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் தவறாமல் பதில் சொன்ன மனிதர், போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.