புதிய பதிப்பு பேசவில்லை

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரெஜிலா புதிய பதிப்பை நிறுவினாள். பத்தேகாலுக்கு அது பேச்சை நிறுத்திவிட்டது.

ரெஜிலாவுக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலைக் கேட்டுத்தான் ஆறு வருடமாக நிரல் எழுதுகிறாள். அவளுடைய மேஜை கேரள எல்லையோர ஊரான குன்னத்துகாலில், வீட்டின் முன்னறையில். கம்பெனி திருவனந்தபுரத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் மென்பொருள் செய்கிற சிறிய இடம். அங்கே எல்லோரும் நிரல் எழுதும் கருவியின் புதிய பதிப்புக்கு மாறுகிறார்கள். பழையதில் குரல் ஓர் எழுத்தைக்கூட விட்டதில்லை. புதியதில், பிழைகளைப் பட்டியலிடும் கட்டத்துக்குள் போனதும் ஒன்றும் கேட்கவில்லை. கடலடியில் நிற்பதுபோல் இருந்தது.

குழுத் தலைவர் ஷிபு பக்கத்து ஊரான வெள்ளறடைக்காரர். மீட்டிங்கில் மலையாளம், தனியாகக் கூப்பிட்டால் எல்லைப்பக்கத்து ஊர்த்தமிழ். குரல் நின்றுபோனதை அறிந்து மதியம் கூப்பிட்டார்.

"உனக்கு அது சரிப்படாது மக்கா. நீ பழசுலயே இரி. நான் மேல சொல்லியாச்சு."

பழையதில் இருந்தால் தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். பழைய திட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அதை மார்ச்சில் மூடப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு என்றதற்கு, அப்போது பார்க்கலாம் என்றார். மனதில் இரக்கம் வைத்துத்தான் சொன்னார். அந்த இரக்கம் மார்ச்சில் தன் வேலையைக் கொண்டுபோகும் என்று ரெஜிலாவுக்குப் புரிந்தது.

"வெள்ளிக்கிழமை வரை டைம் தாங்க அண்ணா. மாறணுமா வேண்டாமான்னு நான் சொல்லுதேன்."

அவள் கணவன் அஜீஷ் பாறசாலை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். சாப்பிட வந்தவனிடம் மரச்சீனிக் கிழங்கைப் பரிமாறியபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேசாத்த சாதனத்துக்கு இவ்வளவு பாடா?" என்றான். "நான் வீட்டில பேசலேன்னா சும்மா விடுவியா நீ?" பிறகு கேட்டான்: "அது போட்டா ஒனக்கு என்ன கூடும்?"

காலையிலிருந்து ரெஜிலா எதையெல்லாம் இழப்போம் என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் போனதும் ஒரே நிரலை, ஒரே பிழைகளோடு, இரண்டு பதிப்பிலும் திறந்தாள். பழையதில் வரிவரியாகக் கேட்டுப் பிழைகளைப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. புதியதில் அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனபோது, பிழையுள்ள வரியைத் தொட்டதும் சின்ன ஒலி எழுப்பும் வசதி ஒன்று இருந்தது. அதை இயக்கினாள். அதே பிழைகளைப் பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆனது.

வியாழக்கிழமை முழுவதும் பேசாத இடங்களைத் தேடினாள். இரண்டு கிடைத்தன. ஒன்று பிழைப் பட்டியல்; அதற்குள் போகாமலே, ஒரு விசையை அழுத்தினால் அடுத்த பிழைக்குத் தாவி அதை வாசித்துவிடும் என்று மாலையில் கண்டுபிடித்தாள். மற்றது, இரண்டு பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கும் பக்கம். அது கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்த வேலையைக் கருவிக்கு வெளியே, கட்டளைகளைத் தட்டித் தட்டிச் செய்து பார்த்தாள். விரல் வலித்தது. ஆனால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவளே ஷிபுவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு எடத்தில பேசாது. ஒண்ணுக்கு வழி கண்டாச்சு. மற்றதுக்கு ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் கூடும். ஆனா பிழை தேடுததில அரைமணி நேரம் மிச்சம் உண்டு. நான் மாறுதேன்."

"கஷ்டம் ஆக்கும்," என்றார் ஷிபு.

"கஷ்டந்தான். பழைய திட்டத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

அப்படியென்றால், புதிய திட்டத்தில் நோயாளிகளைப் பதிவு செய்யும் பக்கத்தைத் திங்கட்கிழமையிலிருந்து அவள் எழுதட்டும் என்றார். முடிக்க நான்கு நாள் தருவதாகவும் சொன்னார்.

"மற்றவங்களுக்கு இதுக்கு எத்தனை நாள் அண்ணா?"

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டு தாங்க," என்றாள் ரெஜிலா.